ஸ்டீம் காரில் போன மாப்பிள்ளை

1. டிக்கிக்குள் அடுப்பு

கார் திருத்தும் இராசன் அண்ணையின் கராச்சுக்கு நான் வேலை கேட்டுப் போன அன்று, ஏ ஃபோர்ட்டி என்ற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றின் டிக்கிக்குள் இரண்டு பேர் தலையை விட்டபடி சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கராச் முதலாளி இராசன் அண்ணை. மற்றவர் காரின் சொந்தக்காரர் மார்க்கண்டு அண்ணை. நெல்லியடிச் சந்தியில் வாடகைக் கார் ஓடுபவர்.

"டிக்கியை வெட்டினால் ஆக்களின்ரை சாமானை எங்கை வைக்கிறது?" என்றார் மார்க்கண்டு அண்ணை.

"அவை மடியிலை வைக்கட்டும். பொயிலரை மடியிலை வைக்கேலாது" என்றார் இராசன் அண்ணை.

நான் தொண்டையைக் கனைத்தேன். இரண்டு தலைகளும் வெளியே வந்தன. என் பெயர் சூசை, சொந்த இடம் குருநகர், தொழிற்சாலை ஒன்றில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஸ்டீம் எடுக்கும் பொயிலர் பகுதியில் நின்றவன், அது மூடிவிட்டதால் மனைவியின் உறவினர் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். பொயிலர் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், இராசன் அண்ணை கிறீஸ் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீரோ மார்க்கண்டு? கடவுள் ஆளை அனுப்பியிருக்கிறார்."

"கடவுள் ஒருத்தரும் அனுப்பேல்லை அண்ணை. சைக்கிளிலை வந்தனான். வேலை இருக்கோ இல்லையோ?" என்றேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் கூடுதல். இப்போதும் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலம் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலத் தடையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வரவில்லை. மின்சாரமும் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தலில் இருந்து சொட்டுப் பெற்றோல் விட்டு இன்ஜினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கார் இருமிக்கொண்டே போகும். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் இன்ஜின் எண்ணெய்க்குள் இறங்கி அதைத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடும். பெயாரிங் எல்லாம் தேய்ந்து போகும். மார்க்கண்டு அண்ணையின் காருக்கு நடந்தது அதுதான். அவருடைய இன்ஜினின் கிராங் தண்டு உடைந்து போயிருந்தது. மாற்றுவதற்குச் சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், வராது.

அந்த நேரத்தில் செத்த காருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. பின் அச்சையும் ரயர்களையும் கழற்றினால் நல்ல மாட்டு வண்டில் ஒன்று செய்யலாம். மிச்சம் கோழிக்கூடு. மார்க்கண்டு அண்ணையின் மனைவி தங்கம் அக்கா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இவரோ முப்பது வருடமாக அந்தச் சந்தியில் கார் வைத்து ஓடியவர். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாத வேட்டி. பிள்ளைப்பெறு, செத்தவீடு, கலியாணம் எல்லாவற்றுக்கும் ஊர் அவரைத்தான் தேடி வரும். "கார் இல்லையெண்டால் நான் ஆர் தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அன்றுதான் அறிமுகமான ஒருவனிடம் கேட்கிற கேள்வி அல்ல அது. ஆனால் அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

2. ஐஸ் மெஷின் இன்ஜின் ஆனது

இராசன் அண்ணை ஒரு ஸ்டீம் பைத்தியம். அவருடைய தகப்பனார் தெருப் போடும் ஸ்டீம் ரோலர் ஓடியவர். பிரச்சினைகளுக்கு முந்தைய காலத்தில் கொழும்பு நடைபாதையில் வாங்கிய ஆங்கிலச் சஞ்சிகைகள் ஒரு கட்டு அவரிடம் இருந்தன. அவற்றில் இங்கிலாந்து, அமெரிக்காவில் எல்லாம் வயது போன மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஸ்டீம் கார்களைத் துடைத்து ஓட்டுகிற படங்கள். சிலர் புதிதாகவும் செய்தார்கள்: கைக்கடக்கமான பொயிலர், இரண்டு சிலிண்டர் இன்ஜின், பார்த்தால் தையல் மெஷின் மாதிரி. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு.

"பெற்றோல் இன்ஜினுக்குப் பெற்றோல்தான் வேணும், அதுவும் நல்ல பெற்றோல். ஸ்டீம் உன்னட்டை ஒண்டும் கேளாது. எரியிறது எதையும் குடு, ஓடும்" என்பார். எரியிற பொருளுக்கு எங்களிடம் பஞ்சம் இல்லை. சிரட்டை இருந்தது, பனங்கொட்டையைப் பிளந்து பூரான் என்ற இனிப்புப் பருப்பை எடுத்த பிறகு மிஞ்சும் ஊமல் மலைபோல் கிடந்தது. ஊமல் எரிந்தால் கல்லும் உருகும்.

இன்ஜின் எங்கே எடுப்பது என்பதுதான் கேள்வி. நான் என் பங்குக்குக் குருநகருக்குப் போனேன். அங்கே என் சித்தப்பா வேலை செய்த ஐஸ் தொழிற்சாலை மின்சாரம் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. அதன் இரண்டு சிலிண்டர் கொம்பிரசர் ஒன்று உப்புக் காற்றில் சும்மா கறள் பிடித்துக்கொண்டிருந்தது. நல்ல வார்ப்பிரும்பு. "மீனுக்கு ஐஸ் செய்த மெஷினை நெருப்பிலை ஓட்டப்போறியளோ?" என்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மாட்டு வண்டிலில் ஏற்றி அனுப்பினார்.

கொம்பிரசரின் வால்வுகளை மாற்றினோம். பழைய ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றைப் பொயிலரின் மேல் உருளையாக வைத்து, அதன் கீழே தண்ணீர் ஓடும் இரும்புக் குழாய்களை வரிசையாக வைத்து வெல்ட் பண்ணினோம். குழாய்களுக்குக் கீழே நெருப்புப் பெட்டி. உருளைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். பொயிலர்காரனுக்கு அந்தக் கண்ணாடிதான் கண். தண்ணீர் அதில் தெரியும் வரைக்கும் பயமில்லை. தெரியாவிட்டால், கீழே உள்ள குழாய்கள் வெறுமனே நெருப்பில் நிற்கின்றனவோ என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் குழாய் சிவக்கும், மெலியும், பிறகு பிளக்கும்.

அதனால் நான் ஒரு நிபந்தனை போட்டேன். நெருப்புப் பெட்டியின் அடித்தட்டு ஒரு பிடியை இழுத்தவுடன் திறக்க வேண்டும்; நெருப்பு முழுவதும் தெருவில் கொட்ட வேண்டும். தொழிற்சாலையில் இதை "நெருப்பை இறக்கிறது" என்போம்.

"காருக்கு உது எதுக்கு? ரோலரிலையே அப்பா ஒருநாளும் இறக்கினதை நான் பாக்கேல்லை" என்றார் இராசன் அண்ணை.

"அப்ப ரோலர் ஓடினவனையே வைச்சுக்கொள்ளுங்கோ. உது இல்லாத பொயிலருக்குப் பக்கத்திலை நான் நிக்கமாட்டன்."

செய்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் செய்தார்.

நெருப்புப் போடுபவன் நிற்கக் காருக்குப் பின்னால் பஸ் மிதிபலகை மாதிரி ஒரு பலகை. அது என் இடம். முன்னால் இருக்கும் டிரைவரோடு கதைக்க முடியாது என்பதால் கூரையில் தட்டுவேன். ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ. அதுவும் பஸ் வழக்கம்தான்.

முதல் தடவை தெருவில் இறக்கிய நாளை மறக்க முடியாது. சத்தமே இல்லை. இருமல் இல்லை, உறுமல் இல்லை. சந்தைக்குள் மீன் வாங்கிக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, பக்கத்தில் கார் நிற்கிறது. "ஐயோ, உது எங்காலை வந்தது?" என்று ஒரு கிழவர் கூடையைப் போட்டுவிட்டார். மார்க்கண்டு அண்ணை பயந்துபோய்ச் சந்தி முழுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். திரும்பி வந்து இறங்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

3. நல்ல தண்ணி

எங்கள் ஊரில் தண்ணீரை நாக்கால் பார்ப்பார்கள். இந்தக் கிணறு நல்ல தண்ணி, அந்தக் கிணறு சவர், மற்றது கால் கழுவத்தான் சரி. மார்க்கண்டு அண்ணை தன் பொயிலருக்குச் சும்மா தண்ணீர் விடுவாரா? கரவெட்டிப் பக்கம் சைக்கிளில் போய், ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, தேன் மாதிரி இருந்த ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுத்தார். கான்கானாக அந்தத் தண்ணீர்தான் வந்தது. நானும் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணிதான் என்று தலையாட்டினேன்.

சில கிழமையில் கார் களைத்துப் போனது. எவ்வளவு ஊமல் போட்டாலும் ஸ்டீம் ஏறவில்லை. ஒரு குழாயை வெட்டிப் பார்த்தோம். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. நடுவில் ஒரு பென்சில் போகிற துவாரம் மட்டும் மிச்சம். சுண்ணக்கல் நிலத்துக்குள் ஊறி வருகிற தண்ணீர். நாக்குக்கு எவ்வளவு இனித்தாலும் குழாய்க்கு அது சுண்ணாம்புச் சாந்து. எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் தேநீருக்குத் தண்ணீர் சுடவைக்கும் கேத்திலின் அடியில் அதே வெள்ளை ஓடு இருக்கிறது. பெண்கள் கிழமைக்கு ஒரு தடவை கரண்டியால் சுரண்டுகிறார்கள். மூன்று ஆண்கள் பொயிலர் செய்யும்போது ஒருவருக்கும் அந்தக் கேத்தில் ஞாபகம் வரவில்லை. நாங்கள் வெட்டிய குழாயைத் தங்கம் அக்கா கையில் வாங்கிப் பார்த்தார்.

"உதைக் கண்டுபிடிக்கவோ மூண்டு பேர்?" என்றார். அதுவே போதும்.

இரண்டு வேலை செய்தோம். தொழிற்சாலையில் பழகியபடி நான் தண்ணீருக்குச் சலவைச் சோடா போட்டேன். அது சுண்ணாம்பைச் சேறாக்கி அடியில் இறக்கிவிடும், குழாயில் ஒட்டவிடாது. இராசன் அண்ணை தன் சஞ்சிகைகளில் பார்த்தபடி, இன்ஜினில் வேலை முடிந்து வருகிற ஸ்டீமை வெளியே விடாமல், காரின் முன்னால் ஒரு லொறி றேடியேற்றருக்குள் அனுப்பி, குளிர்ந்து தண்ணீரானதும் திரும்பப் பொயிலருக்கே அனுப்பினார். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும். புதுத் தண்ணீர் கொஞ்சம் போதும். வெட்டவெளியில் வெள்ளைப் புகை கிளப்பிக்கொண்டு போய் இராணுவ ஹெலிகொப்டரின் கண்ணில் படுகிற கரைச்சலும் இல்லை.

இன்ஜின் சிலிண்டருக்கு எண்ணெய் வேண்டும். ஸ்டீம் இன்ஜினுக்கென்று இருக்கும் கெட்டி எண்ணெயை அப்போது கனவில்தான் காணலாம். தேங்காயெண்ணெய் விட்டோம். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓடியது. கார் போகிற இடமெல்லாம் பலகாரம் சுட்ட வாசனை வந்தது.

ஓட்டமும் பிடித்துவிட்டது. பருத்தித்துறைக்கும் அச்சுவேலிக்கும் ஆட்களை ஏற்றினார். வெள்ளைச் சேட்டு திரும்பவும் சந்தியில் தெரிந்தது.

4. கலியாணக் கார்

அப்போதுதான் அந்தக் கலியாண ஓட்டம் வந்தது. மாப்பிள்ளை நெல்லியடி, பொம்பிளை புத்தூர். மாப்பிள்ளையின் மாமா முறையான ஒருவர், பொன்னம்பலம் என்று பெயர், கராச்சுக்கே வந்தார்.

"மாப்பிள்ளையைச் சைக்கிள் பாரிலை வைச்சுக் கொண்டுபோகேலாது. மண்ணெண்ணெய்க் கார் பட்டுவேட்டியைப் புகையாக்கிப்போடும். உங்கடை கார் நிண்டு போகாதே?"

"நிக்காது" என்றார் மார்க்கண்டு அண்ணை. என்னைப் பார்க்காமலே சொன்னார்.

அன்றிரவு அவர் வீட்டில் நடந்ததைத் தங்கம் அக்கா பின்னர் எனக்குச் சொன்னார். வண்டில் செய்கிற ஒருவர் வந்து பின் அச்சைக் கேட்டிருக்கிறார். அக்கா தவணை கொடுத்துவிட்டார்: இந்தக் கலியாணம் ஒழுங்காய் முடிந்தால் பத்து ஓட்டம் வரும், கார் இருக்கட்டும், வழியில் கால் வாரினால் அச்சை வந்து கழற்றிக்கொண்டு போங்கோ. மார்க்கண்டு அண்ணையும் ஓம் என்றுவிட்டார்.

கலியாணம் என்பதால் எல்லோரும் வழக்கத்தைவிடக் கவனமாக இருந்தோம். மார்க்கண்டு அண்ணை காரைக் கழுவிப் பூமாலை கட்டியதோடு, சிலிண்டருக்கு இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டார். நான் தண்ணீருக்கு இன்னும் ஒரு கரண்டி சோடா போட்டேன். இராசன் அண்ணை றேடியேற்றரில் சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகாமல் எல்லா நட்டையும் இறுக்கினார். கவனம் என்றால் அப்படி ஒரு கவனம்.

நல்ல நேரத்தில் புறப்பட்டோம். முன்னால் மார்க்கண்டு அண்ணையும் பொன்னம்பலத்தாரும். பின்னால் தலைப்பாகையோடு மாப்பிள்ளை, ஒரு பக்கம் தோழன், மறுபக்கம் மடியில் தட்டத்தோடு மாப்பிள்ளையின் பெரியம்மா. அவர்களுக்குப் பின்னால் பொயிலர். அதற்கும் பின்னால், தோய்த்த சேட்டுப் போட்டு, பலகையில் நான். மற்றச் சனம் சைக்கிள்களில் முன்னமே போய்விட்டது. வல்லை வெளியில் எதிர்க்காற்று. கோயிலடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினோம். மார்க்கண்டு அண்ணை நெற்றியில் பூசிய வீபூதியை எனக்கும் நீட்டினார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் நீட்டினார், நானும் பூசிக்கொண்டேன்.

அச்சுவேலி தாண்டியதும் கண்ணாடியைப் பார்த்தேன். தண்ணீரின் மட்டம் குதித்தது. மேலே போகும், கீழே விழும். ஆவரங்கால் வந்தபோது கண்ணாடி முழுவதும் பால் மாதிரி வெள்ளை. தண்ணீர் எது, நுரை எது என்று தெரியவில்லை. முன்னால் இன்ஜின் டக்டக்கென்று அடிக்கத் தொடங்கியது. ஸ்டீமோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் பொயிலரில் இருக்கவேண்டிய தண்ணீர் பொயிலரில் இல்லை. பொயிலருக்குத் தண்ணீர் ஏற்றும் கைப்பம்பை அடித்தேன். கண்ணாடி அப்படியே வெள்ளையாக நின்றது. புத்தூர் எல்லையில் றேடியேற்றர் மூடி துள்ளி, பொனற்றுக்கு மேலாக நுரை பொங்கி வழிந்தது. தெருவில் நின்ற பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"இஞ்சை பாரடி, கார் உடுப்புத் தோய்க்குது!"

சவர்க்காரம் கிடைக்காமல் பனங்காய்க் களியால் உடுப்புத் தோய்த்த காலம் அது. அவர்கள் சிரித்தது பிழையில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொயிலரின் பக்கத்தில் பூசியிருந்த நிறப்பூச்சு கருகி மணத்தது. கூரையில் ஒரு தட்டுத் தட்டினேன். கார் நிற்கவில்லை. திரும்பவும் தட்டினேன். மூன்றாம் தடவை உள்ளங்கையால் அடித்தேன். கார் நின்றது. முன்னால் தெருவின் வளைவில் வாழை கட்டிய வாசற் படலையும் பந்தலும் தெரிந்தன. மேளச் சத்தம் கேட்டது.

மார்க்கண்டு அண்ணை தலையை வெளியே நீட்டினார். "என்ன தம்பி? இந்தா வீடு தெரியுது!"

"தண்ணி தெரியேல்லை அண்ணை. நெருப்பை இறக்கப்போறன். எல்லாரையும் இறங்கச் சொல்லுங்கோ."

பொன்னம்பலத்தார் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தார். "என்ன கதைக்கிறாய் நீ? மாப்பிள்ளை கலியாணத்துக்குப் போற வழியிலை நெருப்பை அணைக்கிறதோ? உது ஆருக்குக் கூடாது எண்டு தெரியுமோ? வேதக்காரனுக்கு உது எங்கை விளங்கப்போகுது!"

"ஐயா, பொயிலர் வெடிச்சால் கலியாணம் இல்லை, செத்தவீடு. முதலிலை ஆக்களை இறக்குங்கோ."

அந்தச் சொல்லை அந்த நேரத்தில் சொன்னதற்கு அவர் என்னை அடிக்காதது ஆச்சரியம். மாப்பிள்ளை இறங்கினார். தோழன் அவர் பின்னால் இறங்கினான். பெரியம்மா தட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மார்க்கண்டு அண்ணை ஓடி வந்து பிடிக்கும் எனக்கும் நடுவில் நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

"கொஞ்சத் தூரம் தம்பி. ஆக்களெல்லாம் இறங்கட்டும், நானும் மாப்பிள்ளையும் மட்டும் போறம். படலையடியிலை கொண்டுபோய் விட்டிட்டு அணை. என்ரை கார் போயிடுமடா. உனக்குத் தெரியுந்தானே, போயிடும். கொஞ்சத் தூரம்."

என்னைவிட இருபது வயது மூத்த மனிதர். ஊர் நடுவில் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அவரைத் தோளில் பிடித்து ஒரு பக்கம் தள்ளினேன். பிடியை இழுத்தேன். தட்டு திறந்து, சிவந்த ஊமல் முழுவதும் தெருவில் கொட்டியது.

பொன்னம்பலத்தார் தலையில் கை வைத்தார். "போச்சு. நெருப்பு அணைஞ்சு போச்சு. இனி நான் பொம்பிளை வீட்டாருக்கு என்ன சொல்ல?"

அப்போதுதான் பெரியம்மா வாய் திறந்தார். அதுவரை அவர் குரலையே நான் கேட்கவில்லை.

"ஆர் சொன்னது அணைஞ்சது எண்டு? அது இறங்கி நிக்குது."

தட்டத்திலிருந்து ஒரு கட்டிக் கற்பூரத்தை எடுத்து, சேலையை ஒதுக்கிக் குந்தியிருந்து, தெருவில் கிடந்த தணலில் வைத்தார். பற்றிக்கொண்டது. அதை வெற்றிலையில் ஏந்தித் தட்டத்தில் வைத்து, ஒரு கையால் காற்றை மறைத்தபடி முன்னால் நடந்தார். கற்பூரம் எரிந்து முடிய முடிய இன்னொன்றை அதில் பற்றவைத்தார். மாப்பிள்ளை பின்னால் நடந்தார். படலையில் நின்ற சனம் இதுதான் நெல்லியடி வழக்கமாக்கும் என்று நினைத்து வழி விட்டது. மேளகாரர் எதிர்கொண்டு வந்தார்கள். பொன்னம்பலத்தாரும் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஓடினார். தாலி உரிய நேரத்தில் ஏறியது.

தெருவில் நானும் மார்க்கண்டு அண்ணையும் மட்டும் மிஞ்சினோம். அவர் மதகில் இருந்தார். கார் நுரையைத் துப்பிக்கொண்டு ஆறியது. கலியாண வீட்டார் எங்கள் இருவருக்கும் வாழையிலையில் சாப்பாடு கொடுத்துவிட்டார்கள். அவர் தொடவில்லை. எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன். மாலையில் இரண்டு மாட்டைக் கட்டிக் காரை இழுத்துக்கொண்டு வந்தோம். வல்லை வெளி முழுவதும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

5. என்ன நடந்தது

மறுநாள் இராசன் அண்ணை உருளையைத் திறந்து கையை விட்டார். வெள்ளைக் களி ஒன்று அள்ளுப்பட்டு வந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் தேய்த்தார். நுரைத்தது.

"சூசை, உது சவுக்காரமடா."

மார்க்கண்டு அண்ணை விட்ட தேங்காயெண்ணெய் ஸ்டீமோடு போய், றேடியேற்றரில் குளிர்ந்து, தண்ணீரோடு திரும்பப் பொயிலருக்குள் வந்திருக்கிறது. அங்கே என்னுடைய சோடா காத்திருந்தது. சோடாவும் தேங்காயெண்ணெயும் சூட்டில் சேர்ந்தால் சவர்க்காரம். என் சோடா தனியே சரி. அவருடைய எண்ணெய் தனியே சரி. ஒரே தண்ணீரைச் சுற்றவிட்டதும் சரி. மூன்று சரியும் ஒரு பொயிலருக்குள் கூடிக் கலியாணத்தன்று பொங்கிவிட்டது. ஊரில் சவர்க்காரத்துக்கு அலைந்த நேரத்தில் நாங்கள் ஓடும் தொழிற்சாலை ஒன்று வைத்திருந்திருக்கிறோம். தங்கம் அக்கா அந்தக் களியை ஒரு வாளியில் வழித்துக்கொண்டு போனார். உடுப்பு நன்றாக வெளுத்தது என்று கேள்வி.

பிறகு குழாய்களைக் கழற்றினோம். நெருப்புக்கு நேர் மேலே இருந்த குழாய் ஒரு இடத்தில் கொய்யாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்த இடத்தை வெட்டினால், இரும்பு தகரத் தகடு அளவுக்கு மெலிந்திருந்தது. நான் அதைத் துடைத்து, மார்க்கண்டு அண்ணையின் கையில் கொடுத்தேன். அவர் பெருவிரலால் வீக்கத்தை அழுத்தினார். உள்ளே போனது.

பிழையைத் திருத்துவது கஷ்டமாக இருக்கவில்லை. றேடியேற்றரிலிருந்து வருகிற தண்ணீரை ஒரு பெட்டிக்குள் விட்டு, தேங்காய்த் தும்பும் சிரட்டைக்கரியும் அடுக்கி வடித்தோம். எண்ணெய் அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கு வெளிநாட்டு ஸ்டீம் கார்க்காரர்கள் செய்கிற சிறிய பொயிலர்களை என் மகன் கணினியில் காட்டுகிறான். ஒரு பயணப்பெட்டி அளவுதான். சாவியைத் திருப்பினால் சற்று நேரத்தில் ஸ்டீம். தண்ணீர் குறைந்தால் நெருப்பு தானாகவே நிற்கும். ஓடுபவர் என்ன செய்தாலும் அதை மறிக்க முடியாது. பார்க்க ஆசையாக இருக்கும். நாங்கள் தும்பையும் கரியையும் வைத்துக்கொண்டு அதில் பாதித் தூரமாவது வந்திருந்தோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

புதுக் குழாய் போட்டு ஓடிப் பார்த்தோம். எவ்வளவு தூரம் ஓடியும் கண்ணாடியில் தண்ணீர் தெளிவாக நின்றது. கலியாண வீட்டாரும் கோபப்படவில்லை. இராசன் அண்ணை வாயெல்லாம் பல்லாக மார்க்கண்டு அண்ணையைக் கூப்பிட்டுக் காரைக் காட்டினார்.

"எடுத்துக்கொண்டு போம். இனி உமக்குப் பயமில்லை. அச்சுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பும்."

மார்க்கண்டு அண்ணை காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறக்கவில்லை.

"பத்துக்குப் பதினொண்டு ஸ்பனர் இருக்கோ? பொயிலரைக் கழட்டுவம்" என்றார்.

"என்ன விசர்க்கதை? எல்லாம் சரியாக்கியாச்சு!"

"உங்கடை பொயிலர் சரி. அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை. நான்தான் சரியில்லை." அவர் குரல் உயரவில்லை. "அண்டைக்குத் தம்பி தண்ணி தெரியேல்லை எண்டு சொல்லுறான். நான் முப்பது வருசம் ஆக்களை ஏத்தினவன், அந்தப் பிள்ளையை, தலைப்பாகையோடை நிண்ட பிள்ளையை, திரும்ப ஏத்திக்கொண்டு போறன் எண்டு கெஞ்சிறன். இன்னொரு நாளும் கெஞ்சுவன் இராசன். ஓட்டம் எண்டு வந்தால் நான் கெஞ்சுவன். தம்பி ஒவ்வொரு முறையும் இழுப்பானோ? ஒருநாள் மனம் இரங்கிப்போடும்."

இராசன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம், ஒருநாளும் இரங்கமாட்டேன் என்று. சொல்லவில்லை. அன்று புத்தூர்த் தெருவில் அவர் கைகூப்பியபோது பிடியை நோக்கி நீண்ட என் கை ஒரு தடவை பின்வாங்கியது. ஒரு கணம்தான். அவர் மனைவியை நினைத்தேன், அந்த வெள்ளைச் சேட்டை நினைத்தேன், கொஞ்சத் தூரம்தானே என்று எனக்கும் தோன்றியது. பிறகுதான் அவரைத் தள்ளினேன். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். எனக்கு எதிரே நின்றவருக்குத் தெரியாமல் போகுமா?

ஸ்பனரைக் கொடுத்தேன். மூன்று பேருமாகக் கழற்றினோம். இராசன் அண்ணை ஒவ்வொரு நட்டையும் ஒவ்வொரு பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே கழற்றினார். பொயிலரும் இன்ஜினும் சண்டிலிப்பாயில் ஒரு வெங்காயத் தோட்டத்துக்குப் போய், போரால் ஊரே இடம்பெயரும் வரைக்கும் ஆட்களை ஏற்றாமல் தண்ணீர் இறைத்தன. பின் அச்சை மார்க்கண்டு அண்ணை விற்கவில்லை. தானே வண்டில் கட்டி, ஒரு மாடு வாங்கி, சந்தியில் கார் நின்ற இடத்திலேயே வந்து நின்றார். அந்த வெள்ளைச் சேட்டோடுதான்.

பிறகு நான் எத்தனையோ இடங்களில் பொயிலர் பார்த்திருக்கிறேன். இளையவர்கள் கேட்டால் சுண்ணாம்பைப் பற்றியும் சோடாவைப் பற்றியும் சொல்வேன். அதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. இதை மட்டும் நானாகச் சொல்வேன். மெஷின் ஓடியே ஆகவேண்டும் என்று இருப்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் நெருப்பை இறக்கும் பிடியை வை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறவன் நீ என்றால், உன் கைக்கும் எட்டாமல், தண்ணீர் குறைந்தால் தானாகவே விழும்படி வை.